கேஸ் கிணற்று மணல்

அன்பு மச்சான் காதர் அவர்களுக்கு,

உங்களை அடக்கிய கபுரடியில் சலாம் சொன்னதோடு பேச்சு வராமல் திரும்பிவிடுகிறேன். எழுதினாலாவது வருமா என்று பார்க்கிறேன். பத்தாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் எழுத்து. பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கம்பத்தில் நல்ல மழை. திராட்சை விலை வழக்கம்போல என்னை ஏமாற்றியது. உங்கள் வீட்டுக்காரி, என் அக்கா, நலம். என் மகன் ரியாஸ் டிப்ளமோ முடித்தான். வெளிநாட்டில் நீங்கள் பார்த்த அதே வேலை அவனுக்கும் வந்தது. தண்ணீரும் ரசாயன மருந்தும் மணலும் கலந்து கிணற்றுக்குள் அழுத்தி, பாறையைப் பிளந்து கேஸ் எடுக்கும் வேலை.

சம்பளத்தைக் கேட்டதும் நானே பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று நினைத்தேன். அப்புறம்தான் உங்கள் இருமல் காதில் கேட்டது.

அந்த மணலைக் கொட்டும்போது மாவு மில்லைப்போல வெள்ளைத் தூசி பறக்கும் என்பீர்கள். இங்கே திராட்சைக்குக் கந்தகம் தூவும்போது கட்டுவதுபோல, அங்கேயும் ஈரத் துண்டை மூக்கில் கட்டினீர்கள். மற்றவர்களுக்கும் கட்டக் கற்றுக்கொடுத்ததாகப் போனில் பெருமையாகச் சொன்னீர்கள். கெட்டிக்காரர் என்று நாங்களும் சிரித்தோம். கந்தகத்துக்கே அந்தத் துண்டு போதுமா என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

ஊருக்கு வந்ததும் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். நானும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏதோ விளங்கியவன்போலத் தலையாட்டினேன். மதுரை டாக்டர்தான் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, அதை எடுக்க வழியில்லை என்றார். கிணற்றிலிருந்து திரும்பி வரும் மருந்துத் தண்ணீரைத் திறந்த குழியில் தேக்கியதையும், பக்கத்து ஊர்க்காரர்கள் குடிதண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டே குடித்ததையும் அன்றைக்குத்தான் சொன்னீர்கள். அவர்கள் என்ன ஆனார்களோ?

ரியாஸைத் தடுத்துப் பார்த்தேன்.

"ஒங்களுக்கு என்ன தெரியும் அத்தா? இப்ப மாஸ்க்கெல்லாம் குடுக்குறாக."

நியாயமான கேள்விதான். அக்காவைக் கூட்டிவந்தேன். அவள் அழவில்லை.

"ஒன் மாமா கடைசியில படுக்கவே மாட்டாக. தலகாணிய மடியில வச்சு, அதுல கவுந்துக்கிட்டுத்தேன் தூங்குவாக. ஒரு மடக்குத் தண்ணி குடிச்சாலும் மூச்சு வாங்கும். அந்த வேலைக்குத்தேன் போறியாப்பா?"

ரியாஸ் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, தூசியை எப்படி அடக்குகிறார்கள் என்று விசாரித்தான். தூசிக்குப் பயந்தால் வீட்டில் இருங்கள் தம்பி என்றாராம். இருந்துவிட்டான். உத்தமபாளையத்தில் பம்பு செட் கடையில் வேலை. என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறான், சீராக மூச்சு விடுகிறானே.

ஆனால் ரியாஸ் விட்ட அந்த வேலைக்குப் பக்கத்துத் தேவாரம் ஊர்ப் பையன் ஒருவன் கிளம்புகிறானாம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போவேன், மச்சான். உங்கள் பெயரைச் சொல்லி, உங்களுக்கு நடந்ததைச் சொல்வேன். அவன் கேட்காவிட்டால் அவன் அம்மாவிடம் சொல்வேன், அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்து. இது சத்தியம்.

உங்கள் மச்சினன்,
ரியாஸின் அத்தா
அபுதாஹிர்