வெயில் வேண்டாம், வெளிச்சம் வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். ஆய்வகத்தில் லீவு கொடுத்திருக்கிறார்கள்.

முன்பே சொன்ன சிறுநீர்ப்பைக் கட்டிக்குப் போன வாரம் ஒளி சிகிச்சை முடிந்தது. முடிந்த பிறகு சொல்கிறாளே என்று திட்டாதே. வெளிச்சம் பட்டால் கட்டியை அழிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றி, மெல்லிய குழாய் வழியாக உள்ளே விளக்குப் பிடித்தார்கள். ஆபத்து உண்டா என்று டாக்டரைக் குடைந்தேன்.

"யூரின் போறப்ப கொஞ்ச நாள் எரியும். வெயில் பட்டா தோல் வெந்துடும். மத்தது எங்களுக்கே முழுசாத் தெரியாது."

தெரியாது என்று சொன்னதால்தான் நம்பிச் சம்மதித்தேன்.

நர்ஸ், "வெளிச்சத்துல போகாதீங்க" என்றாள். நானும் மறுகேள்வி கேட்காமல், திரையை இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, நான் சொன்னது வெயிலை! ரூம் லைட் பட்டாத்தான் தோல்ல தங்குன மருந்து மெதுவா அடங்கும். இவ்ளோ படிச்சுட்டு வௌவால் மாதிரி இருக்கீங்களே!"

இப்போது எரிச்சல் குறைந்துவிட்டது. உன் முழுக்கை ரவிக்கை இரண்டை அனுப்பு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வெயில் தாழ்ந்துவிட்டது, பால் வாங்க ஓடுகிறேன். கட்டி போய்விட்டதா என்று அடுத்த மாதம் உள்ளே பார்த்து முடிவு சொல்வார்கள். அன்று நான் கூப்பிட்டதும் அதைக் கேட்காதே. வழக்கம்போல, "சாப்பிட்டியா?" என்று கேள். மீதியை நானே சொல்கிறேன்.

உன் பெரியவள்