பம்ப் அடித்த கை

சேசு மரி சூசை

சாந்தன்பாறை
9 ஜனவரி 1936

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சித்தூர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. அதில் நம் தோட்டத்துத் துரையின் பந்தயக் காருடைய உடல்நிலை பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. உங்களுடையதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டார்கள்: "டீச்சர், மத்தியாஸ் அண்ணன் கார் ரேசுக்கு எந்த ஊருக்குப் போறாவ?" சித்தூரில் கிளம்பி, பெருமாட்டி வழியாக வாளையார் போய், மறுபடியும் சித்தூருக்கே வருவார்கள் என்றேன்.

"பெறவு?"

"பிறகும் அதே வழிதான். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை."

"எதையாச்சும் வச்சு மறந்துட்டாவளா டீச்சர்?" என்றாள் ராமுத்தாய். 

ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலை இறங்குகிறவர்களுக்கு ஒரு வண்டி விடத் துரைக்கு மனம் வரவில்லை. சும்மா சுற்றி வர மட்டும் ஒரு கார் வைத்திருக்கிறார். அதற்கு வீரம் என்று பெயரும் வைத்திருக்கிறார்.

நம் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோவிலில் பத்தொன்பதாம் தேதியிலிருந்து மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். முதல் ஓலைக்கு முந்தின நாள்தான் உங்கள் ஓட்டம். மாப்பிள்ளை இல்லாமலும் வாசிக்கலாமாம், சாமியார் சொல்கிறார்.

உங்கள்
கத்தரீனாள்


சித்தூர்
20 ஜனவரி 1936

அன்புக் கத்தரீனுக்கு,

நானும் காரும் நலம். ஜெயித்துவிட்டோம்.

நீ கிண்டல் செய்வாய். ஆனாலும் கேள். அது பத்து வருஷத்துப் பழைய கார். பெட்ரோல் தானாக எஞ்சினுக்கு வராது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் கைப்பம்ப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அரை மைலில் எஞ்சின் செத்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் அடித்தேன். நடுநடுவே துரையின் கண்ணாடியில் புழுதி துடைத்தேன். வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் உடைந்து, ரத்தத்தோடுதான் கடைசி நாலு சுற்றும். துரை ஸ்டியரிங்கை ஒரு நிமிஷம்கூட விடவில்லை. பேர் கொடுத்தவரைத் தவிர வேறு ஆள் ஓட்டினால் கோப்பை கிடையாது. அது ரேஸ் நடத்துகிற கிளப்பின் சட்டம்.

பெருமாட்டிப் பக்கம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மாட்டுவண்டி ஒன்றை முந்தும்போது கார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. ஓரமாகப் புல்லுக்கட்டோடு நின்ற ஒரு பெண்ணை லேசாகத் தட்டிற்று. "ஏனுங்க, நில்லுங்க, ஆளு உளுந்து கெடக்குது" என்று யாரோ கத்தினார்கள். துரை "பம்ப், பம்ப்" என்றார். அடித்தேன்.

உன்
மத்தியாஸ்


சாந்தன்பாறை
24 ஜனவரி 1936

அத்தானுக்கு,

பத்திரிகையும் உங்கள் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. "பன்னிரண்டு மணி நேரமும் வேறு கைக்கு மாற்றாமல் தனியாளாக ஓட்டிய தீரர்" என்று துரையின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். மடியில் கோப்பை. உங்கள் பெயர் இல்லை. அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "தொரை ஜெயிச்சா நம்ம தோட்டமே ஜெயிச்ச மாதிரிதான் புள்ள" என்கிறார். ஒழுகுகிற நம் லயத்து வீட்டுக் கூரைக்கு அந்த ஜெயத்தில் எத்தனை ஓடு வரும் என்று கேட்டேன். எழுந்து ஏலக்காய் ஸ்டோருக்குப் போய்விட்டார்.

லேசாகத் தட்டிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நின்று பார்க்காத உங்களுக்கு அது லேசு என்று எப்படித் தெரிந்தது? அவள் யார், எழுந்து நடந்தாளா என்று போய்ப் பார்த்து எழுதுங்கள். ஓட்டம் முடிந்துவிட்டதே, இப்போது நேரம் இருக்கும்.

கோவிலில் இரண்டாம் ஓலை நாளை மறுநாள்.

கத்தரீனாள்


சித்தூர்
28 ஜனவரி 1936

அன்புக் கத்தரீனுக்கு,

அவள் பெயர் பொன்னாத்தாள். புருஷன் ரத்தினசாமி, பெருமாட்டியில் தென்னந்தோப்பில் வேலை. ஆஸ்பத்திரியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை.

போலீஸ் வந்தது. துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இடத்தில் மட்டும் நீ ஓட்டினாய், அவள் குறுக்கே ஓடி வந்தாள் என்று எழுதிக் கொடு என்றார். கொடுத்துவிட்டேன். பத்தாம் தேதி கோர்ட்டிலும் அப்படியே சொன்னால் முடிந்தது. அபராதம் துரை பாடு.

கோபப்படாமல் படி. தோட்டத்து ஒர்க்ஷாப் இனி என் பொறுப்பு. அதை ஒட்டின ஓட்டு வீடு நமக்கு. ஒழுகாது. நீ புத்தகம் வைக்கச் சுவரில் ஒரு மாடம்கூட இருக்கிறது, அதைப் பார்த்ததும் உன்னைத்தான் நினைத்தேன். எல்லாம் உனக்காகத்தான்.

கிளப்புக்கு இது தெரியாது. யாரிடமும் சொல்லாதே.

உன்
மத்தியாஸ்


சாந்தன்பாறை
2 பிப்ரவரி 1936

மத்தியாஸ் அவர்களுக்கு,

இன்று மூன்றாம் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் படித்துவிட்டு, வழக்கம்போல் பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தைப் புரட்டினார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, "தடை உண்டு சாமி" என்றேன்.

"உக்காரு புள்ள. மானத்த வாங்காத" என்றார் அப்பா.

"யாருக்கம்மா தடை?" என்றார் சாமியார்.

"பெண்ணுக்கு."

அந்த மாடத்தில் எனக்காக எதையும் வைக்க வேண்டாம். ஒருத்தி நின்ற இடத்திலேயே காலை இழந்தாள். அவள்தான் ஓடி வந்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதை எனக்காக என்று எனக்கே எழுதுகிறீர்கள். பயந்து செய்திருந்தால் இரக்கப்பட்டிருப்பேன். நீங்கள் சந்தோஷமாகச் செய்திருக்கிறீர்கள்.

நீங்கள் ஓட்டியது நிஜம் என்றால் துரை கோப்பையைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். போலீசுக்கு நீங்கள் ஓட்டினீர்கள், கிளப்புக்கு அவர் ஓட்டினார். இவ்வளவு மட்டமான பொய்யைக்கூட இன்னொருவன் கையால் எழுத வைக்கிற ஆள், கார் ஓட்டவும் பம்ப் அடிக்க ஒருவனைத் தேடியதில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் இருபதாம் தேதிக் கடிதத்தையும் பத்திரிகைத் துண்டையும் ரத்தினசாமிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், கோர்ட்டில் கொடுக்கச் சொல்லி. உங்கள் மற்றக் கடிதங்கள் இத்துடன் திரும்பி வருகின்றன.

பத்தாம் தேதி அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு வலது கையைக் காட்டச் சொல்வார்கள். விரித்துக் காட்டுங்கள். தழும்பு இன்னும் இருக்கும்.

சு. கத்தரீனாள்