காய்ச்சல் இல்லையாம்

லீட்ஸ், ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு, மொரேக் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? தீவில் காற்று அடங்கியதா? நான் நலம். தொண்டைதான் கத்திக் கத்திக் கட்டிவிட்டது.

சின்னப் புண்ணில் நுழையும் கிருமியே உடம்பெல்லாம் நஞ்சாக்கி ஆளைக் கொன்றுவிடும் இந்தச் செப்சிஸை ஆஸ்பத்திரி சேரும் முன்பே கண்டுகொள்ள ஆம்புலன்ஸ்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே நான் பாதியாகிவிட்டேன். நேற்று, என்னிடம் கற்கும் ஆம்புலன்ஸ்காரன் கீத்துடன் வண்டியில் போனேன். தனியாக வசிக்கும் ஒரு பெரியவர் மூச்சிரைக்க உளறிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலே இல்ல மொரேக். வயசாயிடுச்சு, உளர்றாரு. ஒரு டீ குடிச்சா தெளிஞ்சிடும்" என்றான் கீத்.

"காய்ச்சல் இல்லாமலும் வரும்னு எத்தனை தடவை சொன்னேன், காதுல விழலையா? கையைத் தொட்டுப் பாரு, ஐஸா இருக்கு."

தொட்டதும் அவன் முகம் மாறியது. ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு விரைந்தோம். அங்கே மருந்தோடு காத்திருந்தார்கள், பெரியவர் பிழைத்துக்கொண்டார். இப்போது கீத், கால் சுளுக்கியவன் கையைக்கூடத் தொட்டுப் பார்த்து என் உயிரை வாங்குகிறான்.

நீங்களும் தூங்கினால் சரியாகிவிடும் என்று கிடக்காமல், பக்கத்து வீட்டு இஷ்பெலைக் கூப்பிடுங்கள். கம்பளிக் காலுறையும், முடிந்தால் புகைபோட்ட மீனும் அனுப்புங்கள். போன் அடித்தால் எடுங்கள். வண்டி கிளம்புகிறது.

நேற்று ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அந்தப் பெரியவர் என்னைத் தன் மகளென்று நினைத்தே பேசினார். நானும் "சொல்லுங்கப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மொரேக்