மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றது பற்றி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, அதை வாய்விட்டுச் சொன்னால் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவச் சொல்வேன் என்று இன்னும் நொண்டிக்கொண்டே நடக்கிறார். எனக்கு டிப்போவில் வேலை அதிகம், பழைய பேருந்துகள் முப்பதுக்கும் சீட் உறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், ரெக்சின் தடிமனாக இருப்பதால் நாளைக்கு நாலு ஊசி உடைகிறது. நீ அனுப்பிய கவர் போன செவ்வாய் வந்தது. உள்ளே இருந்த மன்னிப்புக் கடிதத்தையும் பார்த்தேன், நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு போட்டிருக்கிறாய், அம்மாவுக்கு இடம் தெரியாமல் போய்விடுமோ என்ற அக்கறை. போனில் "ஒரே ஒரு கையெழுத்துதாம்மா, போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிடும்" என்று சொன்னாய். போனில் உன்னோடு வாதாட என்னால் முடியாது, நீ பேசுகிற வேகத்துக்கு என் நாக்கு புரளாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி, பாதியில் வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போடாதே.

நடந்தது என்ன என்று உனக்கு டிவியில் காட்டிய அரை நிமிடம்தான் தெரியும், முழுசாக நான் சொல்கிறேன். இந்த சீசனில் நீ வேலை பார்க்கிற கால்பந்து சம்மேளனம் ஆட்டங்களைப் பகல் பன்னிரண்டு மணிக்கு மாற்றியதே, எங்கோ தூரத்து நாட்டில் அப்போதுதான் சாயங்காலம், அவர்கள் டிவியில் பார்க்க வசதி என்று. இரண்டாவது ஆட்டத்தில் நம் தெருக் குழாய் ரிப்பேர்க்காரர் மகன், நம் அணித் தடுப்பாட்டக்காரன் நெட்டை, பந்து பக்கத்தில்கூட இல்லாதபோது நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தான். கால் தடுக்கி விழுந்தான் என்று நினைத்து கேலரியில் பாதிப் பேர் சிரித்தோம், நானும் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது அவன் கை கீழே தொங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. வெயில் மூளையைத் தாக்கிவிட்டது, சிறுநீரகமும் கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அடுத்த வாரமும் ஆட்டம் அதே பன்னிரண்டு மணிக்குத்தான் நடந்தது.

நாங்கள் எடுத்த எடுப்பில் கொடி பிடிக்கவில்லை மகளே. ரசிகர் மன்றத் தலைவரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் கையால் மூன்று கடிதம் எழுதினார், மரியாதையாக, ஒரு தப்பு வார்த்தை இல்லாமல். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு வந்ததை அவர் கடையில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்தார். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம், தாங்கள் தெரிவித்துள்ள கருத்து உரிய பரிசீலனையில் உள்ளது, ரசிகர்களின் ஆதரவே எங்கள் பலம். அவ்வளவுதான். கீழே செயலாளருக்காக என்று போட்டு ஒரு கையெழுத்து. எல்லோரும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்கள், கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து மேலே கொண்டுபோகிற அந்தக் கையெழுத்தை உன் ஐந்தாம் வகுப்பு நோட்டிலேயே பார்த்தவள் நான். யாரிடமும் சொல்லவில்லை. "யாரு கையெழுத்துன்னே புரியல" என்று கடைக்காரர் சொன்னபோது, ஆமாம் கிறுக்கலாக இருக்கிறது என்று தலையாட்டினேன். உன் மேல் கோபமில்லை, உன்னை எழுதச் சொன்னதை நீ எழுதினாய். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம், என் மகள் கையாலேயே எனக்குக் கதவைச் சாத்த வைத்துவிட்டார்களே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா கட்சி என்னவென்று உனக்குத் தெரியும், உன் கட்சியும் அதுதான். "ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தைப் பாரு, சண்டை போடணும்னா கேட்டுக்கு வெளியில போடு, உள்ள ஓடறவன் உனக்கு என்ன பண்ணான்" என்பார். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் மூன்று ஆட்டத்துக்கு வெளியிலேயே நின்றோம். அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிழக்கு வாசலில் நாற்பது பேர் நின்றோம், சம்மேளனத்துக் கார்கள் மேற்கு வாசல் வழியாக உள்ளே போயின. எங்களைப் பார்த்தது வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி ஒருவர்தான், அவரும் நிழலில் நிற்கச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் கண் திறந்து பார்ப்பது அந்தத் தொண்ணூறு நிமிடம் மட்டும்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் நாம் தலைகீழாக நின்றாலும் கண்ணில் படாது. அப்படியிருக்க, அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் மட்டும் வாயை மூடு என்று சொன்னால் வாழ்நாள் பூராவும் மூடு என்றுதானே அர்த்தம்?

நெட்டையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது, அவன் நீளத்துக்கு அங்கே கட்டில் இல்லை. நாங்கள் உள்ளே ஏதாவது செய்தால் ஆடுகிறவர்களுக்குத் தொந்தரவா என்று அவனிடமே கேட்டேன். "சத்தம் போட்டா எங்களுக்குப் பழக்கம்தாம்மா, காதுலயே விழாது. கேலரி திடீர்னு சும்மா ஆயிட்டாத்தான் என்னவோ ஏதோன்னு திரும்பிப் பாப்போம்" என்றான். அவன் சாதாரணமாகச் சொன்னதுதான், எனக்கு அதிலேயே வழி கிடைத்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் கிழக்கு கேலரி மொத்தமும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வாயைத் திறக்காமல் இரண்டு நிமிடம் நிற்பது என்று முடிவு செய்தோம். கல் எறியக் கூடாது, பாட்டில் எறியக் கூடாது, யாரையும் ஒரு வார்த்தை திட்டக் கூடாது. பேனர் தைக்கிற பொறுப்பு என்னுடையது. டிப்போவில் கழித்துப்போட்ட வெள்ளைத் துணியை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று நாள் தைத்தேன். 'பகல் பன்னிரண்டுக்கு நீங்கள் வந்து ஓடுங்கள்' என்பதுதான் வாசகம். எழுத்துகளைக் கறுப்பு ரெக்சினில் வெட்டி இரட்டைத் தையல் போட்டேன், மழை பெய்தாலும் பிரியாது.

அன்றைக்கு நடந்ததைக் கேள். பன்னிரண்டாவது நிமிடம் வந்ததும் கடைக்காரர் கையைத் தூக்கினார், எல்லோரும் எழுந்து திரும்பினோம். அப்பா மட்டும் எழவில்லை, என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் இருந்தும் பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவது கேட்டது. பதின்மூன்றாவது நிமிடம் மேற்கு கேலரி ஹோவென்று கத்தியது. நம் அணி கோல் போட்டுவிட்டது! ஐந்து ஆட்டமாக ஒரு கோலுக்குத் தவம் கிடந்தோம், அது நம் முதுகுக்குப் பின்னால் விழுகிறது. எனக்குக் கழுத்து நரம்பெல்லாம் துடித்தது. பக்கத்து வரிசையில் ஒரு அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தார். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை மகளே, ஒருத்தர்கூட. கிழக்கு கேலரியில் துள்ளிக் குதித்துக் கத்தியது ஒரே ஒரு ஆள், உன் அப்பா. கத்திவிட்டு நாலு பக்கமும் பார்த்தார், சுற்றிலும் அசையாத முகங்கள். அப்படியே உட்கார்ந்து தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். கோலை எப்படிப் போட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டார், இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குள் செக்யூரிட்டி ஆட்கள் பேனரைப் பிடுங்க வந்துவிட்டார்கள். என் முனையைப் பிடித்து இழுத்தவள் உன் வயசுப் பெண், மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. நான் விடவில்லை. அவள் குனிந்து என் காதோரம், "விடுங்கக்கா, மேலேர்ந்து சொல்லிட்டாங்க, பிடுங்கலேன்னா என் வேலை போயிடும்" என்றாள். அவளுக்காக விட்டேன், சம்மேளனத்துக்காக இல்லை. கசங்காமல் நானே சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் திரும்பி நின்றுகொண்டேன். டிவியில் நீ பார்த்தது அந்த அரை நிமிடம்தான். காவலரோடு கைகலப்பு என்று கீழே போட்டிருந்தார்கள் என்றாயே, கைகலப்பு எங்கே நடந்தது, துணி சுருட்டிக் கொடுத்தேன்.

ஒரு வருஷத்துக்கு மைதானத்துக்குள் நுழையக் கூடாது, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் தடையை நீக்குவோம் என்று எழுத்தில் வந்தது. அடுத்த ஆட்டத்துக்கு நான் போக முடியவில்லை, வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டேன். பன்னிரண்டாவது நிமிடம் வர்ணனையாளர் பேச்சு தடுமாறியது. கிழக்கு கேலரி எழுந்திருக்கிறது என்றார், மேற்கிலும் எழுகிறார்கள் என்றார், எதிரணி ரசிகர்களும் திரும்பி நிற்கிறார்கள் என்றார், பிறகு அவரும் சும்மா இருந்துவிட்டார். ரேடியோவில் சத்தமே இல்லை. பேட்டரி போய்விட்டதோ என்று நான் தட்டிப் பார்த்தேன். சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக் கழற்றினார். அவராகவே, "நானும் திரும்பித்தான் நின்னேன், உன் பேச்சைக் கேட்டு இல்ல. பக்கத்து சீட் காலியா இருந்துச்சு, அதைப் பாத்துக்கிட்டு என்னால ஆட்டம் பாக்க முடியல" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மீதியுள்ள பன்னிரண்டு மணி ஆட்டங்களை மாலை ஐந்துக்கு மாற்றியிருப்பது உனக்குத் தெரியாததா, அறிவிப்பை நீயே டைப் செய்திருந்தாலும் ஆச்சரியமில்லை. காரணம் பருவநிலை என்று போட்டிருக்கிறார்கள். போட்டுக்கொள்ளட்டும், போன மாதமும் இதே சூரியன்தான் இருந்தது. நெட்டை இந்த சீசன் ஆட மாட்டான், மெதுவாக நடக்கத் தொடங்கியிருக்கிறான், என் வரையில் அதுதான் செய்தி. என் தடை மட்டும் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். நீ அனுப்பிய தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். பெருக்கல் குறியை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டேன், உன் கைவேலை என்று யாரும் கண்டுபிடித்து உன்னைக் கேட்கக் கூடாது. செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றினால், நெட்டையைப் பார்த்துச் சிரித்ததற்கு அவனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேனே, அந்த மாதிரி கேட்டுவிடுவேன். முதுகைக் காட்டியதற்குக் கேட்க மாட்டேன். ஆட்டம் நம்முடையது என்பதால்தான் அத்தனை பேரும் அந்தக் கோலைப் பார்க்காமல் நின்றோம். வேண்டாத விஷயத்துக்கு யாரும் அப்படி நெஞ்சு வலிக்க நிற்க மாட்டார்கள்.

நீ வேலையை விட வேண்டாம், எனக்காக அங்கே யாரிடமும் சண்டை போடவும் வேண்டாம். அந்த மேஜையில் நம் வீட்டு ஆள் ஒருத்தி இருப்பது நல்லதுதான். கடைவாய்ப் பல்லைத் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டு, வலித்தால்தான் போவேன் என்று உட்கார்ந்திருக்காதே. நீ நூறு வயசு நிமிர்ந்த தலையோடு நன்றாக இருக்க வேண்டும். டிவியில் வந்த படத்தை ஆபீஸில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை என்றாய். அதற்காக அழாதே, எனக்கு வருத்தமில்லை. ஆனால் இனிமேல் யாராவது அந்தப் படத்தைக் காட்டி இது யார் தெரியுமா என்று கேட்டால், வேலையை நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல், என் அம்மா என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வருஷத்துக்கு உள்ளே வரக் கூடாதவள்,
உன் அம்மா