மற்றவர்கள் அணி

1963 மார்ச் 4, திங்கள்

மூன்றாம் வார்டிலிருந்து மட்டும் நூற்றுப் பத்து விரிப்பு. நல்ல வெயில், மூன்று மணிக்கே எல்லாம் காய்ந்துவிட்டது.

விளையாட்டு விழாப் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். மாதக் கடைசி ஞாயிறு, ஏரிக்கரை மைதானம், போட்டி முடிந்ததும் மர நிழலில் பிக்னிக் சாப்பாடு. டாக்டர்கள், நர்சுகள், அலுவலகம், சமையல், வண்டி ஓட்டுநர்கள் என்று பிரிவுக்கு ஒரு கொடி, ஓர் அணி. கடைசி வரியில் 'மற்றவர்கள்'. மற்றவர்களுக்குக் கொடியும் இல்லை, அணியும் இல்லை, சாப்பாடு மட்டும் உண்டு.

மற்றவர்கள் என்றால் நாங்கள்தான். என்னையும் சேர்த்து ஏழு பெண்கள், இஸ்திரிக்காரர் ஒருவர். பதினொரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் நோயாளியின் விரிப்பு முதல் பெரிய டாக்டரம்மாவின் கோட்டு வரை எங்கள் கை படாத துணி கிடையாது. அந்தக் கொடிகளைக்கூட நாங்கள்தான் துவைத்துக் கஞ்சி போட்டு அனுப்புகிறோம். சலவை பிரிவு என்று ஒன்று இருப்பது மட்டும் யாருக்கும் தெரியாதாம்!

மார்ச் 5

கோபத்தில் மூன்று கோட்டுக்கு நீலம் கூடிவிட்டது. டாக்டர்கள் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

குனியக் குனியத்தான் குட்டுவார்கள். ஆகவே மனு எழுதி அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே விழாவுக்குப் பொறுப்பு தலைமைக் கிளார்க். எந்தக் காகிதம் போனாலும் திருத்தாமல் விடமாட்டார், அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பேர் 'சிவப்பு மை'.

படித்தார். என்ன கேட்டிருக்கிறேன் என்று பார்க்கவில்லை. 'சலவை பிரிவு' என்று நான் எழுதியதன் நடுவில் ஒரு 'ப்' போட்டு, அதைச் சுற்றி வட்டமும் போட்டார்.

"ஒற்று விட்டுப் போச்சும்மா. முதல்ல பேரைத் தப்பில்லாம எழுதக் கத்துக்கிட்டு, அப்புறம் பிரிவு கேளுங்க."

அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுதத் தெரியாதவள் இல்லை. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, காது மட்டும் கொதித்தது. ஒரு எழுத்துக்காகவா? நான் என்ன பரீட்சையா எழுதப் போனேன்?

திங்கட்கிழமை இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். திருத்தப் போவதில்லை. இருக்கட்டும்.

சலவைப் பிரிவு. சலவைப் பிரிவு. சலவைப் பிரிவு.

மார்ச் 11, திங்கள்

டாக்டர்கள் கயிறு இழுக்கும் போட்டியிலிருந்து விலகிவிட்டார்களாம், கை முக்கியம் என்று. ஓட்டுநர்களுக்கு எதிரில் ஆள் இல்லை. நானே போய், "நாங்க இழுக்கிறோம்" என்றேன். சிவப்பு மை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'மற்றவர்கள் அணி' என்று எழுதிக்கொண்டார். பேரை மாற்றச் சொன்னேன். "ஜெயிச்சா பார்க்கலாம்" என்றார்.

இதில் இன்னொரு கூத்து. என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அவர்கள் கயிற்றில் கடைசி ஆள். செய்தி கேட்டதும், "வீட்டில இழுக்கிறது போதாதுன்னு மைதானத்துக்கு வேற வர்றியா?" என்றார்.

"விட்டுக்கொடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, அந்த ஆம்புலன்ஸ்லயே படுத்துக்கோங்க. வீட்டுப் பக்கம் வராதீங்க."

"நான் எதுக்கு விட்டுக்கொடுக்கணும்? நீ என்ன சின்னப் பிள்ளையா?" என்றார். நல்ல மனுஷன்.

மார்ச் 16

துணி காயப்போடும் கயிற்றையே நாலாக மடித்து, தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தில் கட்டி இழுத்துப் பழகினோம். கம்பம் அசையவில்லை. இஸ்திரிக்காரர் மட்டும் குப்புற விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கும் ஒரு காலம் வரும்" என்றார். எப்போது வரும் என்று சொல்லவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

நீலம் போடுகிறவள் வரமாட்டேன் என்கிறாள். "அக்கா, அவங்க எல்லாம் கடா மாதிரி ஆம்பளைங்க. தோத்தா வார்டு வார்டா சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் சிரிக்கலையா? இப்ப நம்மளப் பார்க்காமயே சிரிக்கிறாங்க. அன்னைக்குப் பார்த்துட்டுச் சிரிக்கட்டும்."

ஈர விரிப்பின் ஒரு முனையை அவள் எடுத்துக்கொண்டாள். மறுமுனையை நான் பிடித்தேன். "பிழி" என்றேன். அவள் அவளுக்கு வலப்பக்கம், நான் எனக்கு வலப்பக்கம். எதிரெதிரே நின்று திருகினால் துணி தானாக முறுக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்கிற வேலை, யோசிக்கவே வேண்டாம். சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாமல் பிழிந்தோம். வருகிறாள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இங்கே மட்டும் சொல்கிறேன்.

மார்ச் 31, ஞாயிறு

உட்கார்ந்து எழுத முடியவில்லை, இடுப்பு அப்படி வலிக்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

காலையில் எல்லோரும் பஸ்ஸில் போனார்கள். நாங்கள் பிக்னிக் மேசைவிரிப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சாமான் வண்டியில் போனோம். சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஓட்டம், டாக்டர்களின் நூறு கெஜ ஓட்டம் எல்லாம் முடிந்து கடைசியில் கயிறு. மைக் சிவப்பு மை கையில். "அடுத்ததாக ஓட்டுநர்கள் அணியும்... மற்றவர்கள் அணியும்." அவர் இழுத்துச் சொன்னதிலேயே கூட்டம் சிரித்தது.

மூன்று தடவையில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் தடவை விசில் ஊதியது தெரியும், அப்புறம் நான் முழங்காலில் கிடந்தேன். எண்ணி அஞ்சு நொடி இருக்காது. நீலம் போடுகிறவள் அழுகிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

இரண்டாம் தடவை. கயிற்றைப் பிடித்தோம். விசில் ஊதியதும் 'இழு' என்று நான் குரல் கொடுக்க வேண்டும், அப்படித்தான் பழகியிருந்தோம். பதற்றத்தில் வாயில் வந்தது வேறு.

"பிழி!"

பதினொரு வருஷப் பழக்கம். எட்டுப் பேர் கையும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் திரும்பின. இஸ்திரிக்காரர் கூட! அந்தப் பக்கம் உள்ளங்கைக்குள் கயிறு பாம்பு மாதிரி புரண்டிருக்க வேண்டும், "ஐயோ, கை!" என்று முன்னால் நின்றவர் பிடியை விட்டார். அடுத்தவர் விட்டார். "பிழி!" என்றேன் மறுபடியும், இந்தத் தடவை தெரிந்தே. கயிறு எங்கள் பக்கம் வந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, குதிகாலால் மண்ணைக் கீறியபடியே கோட்டைத் தாண்டி வந்து சேர்ந்தார்.

சிவப்பு மை மைக்கிலேயே ஆட்சேபித்தார். "இது இழுக்கிற போட்டி, பிழியிற போட்டி இல்லை!"

பெரிய டாக்டரம்மா நடுக்கோட்டுக்கு வந்து குனிந்து பார்த்தார். "பிழியக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? கயிறு தாண்டிச்சா இல்லையா?"

"தாண்டிச்சு..."

"அப்ப சொல்லுங்க, யார் ஜெயிச்சாங்க?"

"மற்றவர்—" என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. நர்சுகள் பக்கமிருந்து யாரோ "சலவை!" என்று கத்தினார்கள். அப்புறம் சமையல்காரர்கள், அப்புறம் மைதானம் முழுக்க. "சலவை! சலவை!" டாக்டரம்மாவும் கை தட்டினார். வேறு வழியில்லாமல் அந்த மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கில் சொன்னார்:

"இரண்டாவது சுற்றில் வெற்றி, சலவைப் பிரிவு."

ஒற்றோடு சொன்னார். நன்றாகக் கேட்டேன்.

மூன்றாம் தடவை ஓட்டுநர்கள் கையில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு வந்தார்கள். நாங்களும் லேசில் விடவில்லை, ஆனால் தோற்றோம். கோப்பை அவர்களுக்கு. சாப்பிடும்போது எல்லா மேசையிலிருந்தும் ஆட்கள் எங்கள் ஜமுக்காளத்துக்கு வந்து, எப்படிப் பிழிந்தீர்கள், காட்டுங்கள் என்றார்கள். மேசைவிரிப்பில் பிழிந்து காட்டினோம். நாளை அதைத் துவைக்கப் போவதும் நாங்கள்தான், இருந்தாலும் காட்டினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோற்றவளுக்கு என்ன பெருமை என்று யாராவது கேட்கட்டும், சொல்கிறேன்.

ஏப்ரல் 1

என் வீட்டுக்காரர் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மருந்து போட்டுவிட்டேன். "எல்லாரும் விட்டுட்டாங்க, நீங்க மட்டும் ஏன் விடல?" என்று கேட்டேன். "விட்டா ஆம்புலன்ஸ்ல படுக்கச் சொல்லுவியே" என்றார்.

ஏப்ரல் 3

டாக்டரம்மா தன் கோட்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார். நீலம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். சரிங்க டாக்டர் என்றேன்.

1964 பிப்ரவரி 17, திங்கள்

இந்த வருஷப் பட்டியல் வந்துவிட்டது. கொப்பரையில் துணி வெந்துகொண்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டு ஈரக் கையோடு ஓடினேன். டாக்டர்கள், நர்சுகள், அலுவலகம், சமையல், வண்டி ஓட்டுநர்கள். 'மற்றவர்கள்' என்ற வரியே இல்லை. இரண்டு தடவை தேடினேன். அந்த இடத்தில், சிவப்பு மையின் அழகான கையெழுத்தில்:

சலவை பிரிவு.

மூன்றாம் தடவையும் படித்தேன். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனேன்.

"ஐயா, அந்தச் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் தர்றீங்களா?"

நிமிர்ந்து பார்க்காமலே கொடுத்தார். பலகைக்கு வந்தேன். நடுவில் 'ப்' போட்டேன், அதைச் சுற்றி வட்டமும் போட்டேன். பேனாவை மூடி, கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"எதுக்கும்மா?"

"ஒற்று விட்டுப் போச்சுங்க, ஐயா."

வெயில் போவதற்குள் விரிப்புகளைக் காயப்போட வந்துவிட்டேன். இன்று நூற்று இருபது.