படுக்கையிலிருந்து தெரியும் கடல்

அக்டோபர் 6
பக்கத்து வீட்டு கெவினின் மனுவை நகர கவுன்சில் தள்ளுபடி செய்துவிட்டது. எதிரே நிற்கும் நார்ஃபோக் பைன் மரம் அவர் மாடிக்குக் கடலை மறைக்கிறதாம், வெட்ட வேண்டுமாம். காட்சிக்காக உயிருள்ள தெருமரத்தை வெட்ட விதியில் இடமில்லை என்று பதில்.
"கெவின், கடல் அங்கயேதான் இருக்கு. நடந்து போய்ப் பாருங்க," என்றேன்.
"மரத்த விடு, ரீஸ். முதல்ல உன் வாயத்தான் கத்தரிக்கணும்."

அக்டோபர் 19
காலை ஆறு மணி. மரத்தடியில் கெவின் மண்டியிட்டிருந்தார். நாயைத் தேடுகிறாராம். டிரில்லை வைத்துக்கொண்டா?

நவம்பர் 14
மரத்தின் உச்சி பழுப்பு. அடியில் ஏழு துளைகள், களைக்கொல்லி நாற்றம். அம்மாவிடம் டிரில்லைப் பற்றிச் சொன்னேன்.
"நீச்சல் குளத்துல சுறா இருக்குன்னு போர்டு வெச்சவன்தானே நீ?"
கவுன்சில்காரியும் போனில் கேட்டாள்: "போட்டோ இருக்காப்பா?" இல்லை.

நவம்பர் 16
மரத்தில் இரங்கல் அறிவிப்பு அடித்தேன். 'மரத்துக்குள் ஒரு "ண" நுழைந்தது, மரணம். கடற்காட்சிக்கு கெவினை அணுகவும்.' ஸ்டேப்லரில் நாலு ஊசி. கீழே என் பெயர். கலைஞன் கையெழுத்துப் போடாமல் இருப்பானா?

நவம்பர் 27
கவுன்சில் கடிதம். கெவினுக்கு இல்லை, எனக்கு. தெருமரத்தில் ஆணி, ஊசி எதுவும் அடிக்கக்கூடாதாம், இது எச்சரிக்கையாம்.
ஏழு துளை போட்டவனுக்கு எதிராக ஆதாரம் இல்லை. நாலு ஊசி அடித்தவனுக்கு எதிராக அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். விதிமுறை: விதி எனக்கு, முறை அவனுக்கு.
த்தூ.

டிசம்பர் 18
வெட்டிவிட்டார்கள். பட்ட மரம் ஆபத்து, அகற்றலாம் — இதுவும் விதிதான். அதாவது வெட்டத்தான் கூடாது, கொன்றுவிட்டால் வெட்டலாம். கெவின் மாடியில் புது நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.
மனசு மரத்துப்போச்சு. சே, இப்பப் போய் சிலேடை.

ஜனவரி 9
இன்னும் ஒரு வழி இருக்கிறது! விஷம் வைத்த இடத்தில், கடல் தெரியாதபடி, கவுன்சில் பெரிய பலகை நிறுத்தும்: 'இங்கிருந்த மரம் கொல்லப்பட்டது.' புதுக் கன்று வளரும்வரை நிற்குமாம். தெருக்காரர்கள் சம்மதித்தால் போதும். பதினான்கு வீட்டுக்கும் நானே படிவம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிப்ரவரி 3
பதினான்கு பதில். பதினான்கும் 'வேண்டாம்'.
மரம் விழுந்த அன்று அழுத, தெருமுனை வீட்டு மார்ஜைப் பிடித்தேன். "பலகை அசிங்கமா இருக்கும்டா செல்லம். இப்பத்தான் எனக்கும் கொஞ்சம் தண்ணி தெரியுது."
பதினான்கில் எங்கள் வீடும் ஒன்று.
"நம்ம படிவத்த நீயா போட்ட?" என்று கேட்டேன். அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த தட்டையே. கண் ஜன்னலில்.

பிப்ரவரி 20
அலைச்சறுக்குக்கு அலை எப்படி என்று பார்க்க முன்பெல்லாம் மேடு ஏறி இறங்க வேண்டும். இன்று படுக்கையிலிருந்தே பார்த்தேன். நல்ல அலை, இடப்பக்கம் உடைகிறது. பார்த்து முடித்த பிறகுதான் எதன் வழியாகப் பார்த்தேன் என்று உறைத்தது.