சிவப்புப் பக்கம்

மாமு,

உன் பழைய போன் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. நீ எங்களை விட்டுப் போன பிறகு பத்திரமாக வைத்திருந்த உன் அண்ணன்தான் கொடுத்தார். பிளாஸ்டிக் கவர், அதன்மேல் ரப்பர் பேண்ட், எல்லாம் அப்படியே. கவரைப் பிரித்ததும் காசிமேட்டு மீன் வாடை குப்பென்று அடித்தது. நீயே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததுபோல எனக்கு ஒரே குஷி.

நாம் சேர்ந்து செய்த கடல் நிலவர இணையத்தளம் நினைவிருக்கிறதா? பச்சை என்றால் படகு எடுக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. ராயபுரத்தில் உன் வீட்டு மாடியில் உட்கார்ந்து தளத்தை ஓட்டும் ஃபிரேம்வொர்க் மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றினோம். பழைய பிரவுசர்களை உள்ளே விடாதே என்று ஒரு வரி அதில் தானாக வந்து சேர்ந்திருந்தது. இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாள் கடல் குளம்போலக் கிடந்தது. பாதிப் படகுகள் கரையில்! பழைய போன் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் நம் தளத்துக்குப் பதிலாக ஃபிரேம்வொர்க்கின் தடைப் பக்கம் வந்திருக்கிறது. பெரிய சிவப்புக் கட்டம், கீழே இங்கிலீஷில் நாலு வரி. கிளம்பும் அவசரத்தில் அதை யார் படிப்பார்? சிவப்பைப் பார்த்ததும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். உன் அண்ணனும்தான்.

"இன்னாடா பண்ணி வச்சிக்கீறீங்கோ? ஒரு நாள் பொயப்பு பூட்ச்சே!" என்று அவர் கத்தியபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீ மட்டும் சிரிக்கவில்லை.

"மாமு, நாளைக்கு நெசமாவே காத்து அடிக்கும். அப்போ செவப்பப் பாத்து எவன் நம்புவான்? போன்தான் பேஜார் பண்ணுதுன்னு கடலுக்குப் பூடுவான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரியை அழித்துவிடலாம் என்றேன். அழித்தாலும் பழைய பிரவுசரில் நம் வரைபடம் திறக்காது, வெறும் வெள்ளையாக நிற்கும் என்றாய். "தொரத்தாத மாமு. அவுங்களுக்கு வேற கதவத் தொற."

அப்படித்தான் அந்த எளிய பக்கம் வந்தது. படம் இல்லை, வண்ணம் இல்லை, எழுத்து மட்டும். பழைய பிரவுசர் எது வந்தாலும் ஃபிரேம்வொர்க் அங்கே அனுப்பிவிடும். வாசகங்களை நீயே அடித்தாய். நல்ல தமிழில் போடலாமே என்று நான் மல்லுக்கு நின்றேன். நீ கேட்டால்தானே!

இந்த வாரம் மறுபடி புதுப் பதிப்பு. அந்த வரியும் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. விடுவேனா! உன் பக்கத்துக்கே திருப்பிவிட்டேன். சோதித்துப் பார்க்க அவ்வளவு பழைய பிரவுசர் என்னிடம் இல்லை. அதற்காகத்தான் அண்ணனிடம் உன் போனைக் கேட்டு வாங்கினேன். இனி திருப்பித் தருவதாக இல்லை. எந்தப் பதிப்பு வந்தாலும் முதலில் இதில்தான் திறந்து பார்ப்பேன்.

இன்று காலையிலிருந்தே பேய்க்காற்று. எச்சரிக்கையைப் பதிந்துவிட்டு, இன்னும் ஏற்றாத புதுப் பதிப்பை உன் போனில் தட்டினேன். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வந்தது.

"இன்னிக்கி வோணாம் நைனா. வூட்லயே இரு."

கத்தியேவிட்டேன் மாமு! உடனே அதை எல்லோருக்கும் ஏற்றினேன். உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். படகு எங்கே என்று கேட்டேன்.

"கரையிலதான் கட்டிக் கீது," என்றார். "வோணாம்னு அவன்தான் சொல்ட்டானே."